நடுகல்லின் மேல் செல்போன் வெளிச்சம்

எங்கள் தருமபுரி வட்டாரத்தில் செல்போனுக்குக் கிடைத்திருக்கும் புதுப் பயன்களுள் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், நடுகல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்யும் அதன் டார்ச் வெளிச்சத்தைத்தான் முதலில் சொல்வேன். ஆநிரை கவரும்போதும் மீட்கும்போதும் நடந்த பூசல்களில் உயிர்விட்ட வீரர்களுக்காகப் பல்லவர் காலத்திலும் அதற்குப் பின்னும் நடப்பட்ட கற்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கின்றன. பல ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரில் அவற்றுக்குப் பூசையும் நடக்கிறது. காற்றிலும் மழையிலும் தேய்ந்து, எண்ணெயும் மஞ்சளும் படிந்த அந்தக் கற்களில் வெட்டப்பட்டிருக்கும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் சொரசொரப்பாகவே தெரியும்.

கல்வெட்டு அறிஞர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பார்கள். அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். ஆர்வக்கோளாறில் சாக்கட்டியால் எழுத்தின் மேல் கோடு இழுப்பது பெருங்கேடு. ஏனெனில் இழுப்பவர் தாம் நினைத்த எழுத்தையே கல்லில் எழுதிவிடுகிறார், பின்னால் வருபவர் அதையே உண்மை என்று படிக்கிறார். செல்போனோ கல்லைத் தொடுவதே இல்லை. பொழுது சாய்ந்த பிறகு, பூசாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு செல்போனைக் கல்லுக்கு நேரெதிரே அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். இன்னொன்றின் டார்ச்சைக் கல்லின் விளிம்புக்கு ஒட்டினாற்போல், ஒளி கல்லின் முகத்தைத் தடவிக்கொண்டு போகும்படி பிடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் நிரம்பும். ஒளி மேலிருந்து வந்தால் கிடைக்கோடுகளும், இடமிருந்தோ வலமிருந்தோ வந்தால் நெடுக்குக்கோடுகளும் தெளிவாகத் தெரியும். வட்டெழுத்து வளைந்து வளைந்து செல்வதால், நான்கு பக்கங்களிலிருந்தும் ஒளியைக் காட்டி எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் ஓர் எழுத்து முழு உருவம் பெறும். சொரசொரப்பு என்று கடந்துபோன இடத்தில் ஒரு ‘கோ’ மெல்லத் தலைகாட்டும்போது ஏற்படும் மகிழ்ச்சி சொல்லி மாளாது. இதே அடிப்படையில், பல திசை ஒளிப் படங்களைக் கணினியில் இணைத்து ஆராயும் முறையை எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்டார்கள். இன்று அதன் எளிய வடிவம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

செல்போனைப் பேசும் கருவி என்று எண்ணுவதை விட்டு, அதற்குள் இருக்கும் ஒலிவாங்கி, அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானி, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் இப்படிப்பட்ட வழிகள் பல தோன்றும். ஜெர்மனியின் ஆஹன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி இதற்கென்றே அமைந்தது. அதிலுள்ள ஒலி நிறுத்தக் கடிகாரம் முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும். கிணற்று விளிம்புக்கு வெளியே நீட்டிய பலகையின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சத்தம் எழும்படி தட்டிவிட்டால், அது தண்ணீரில் விழும் ஓசை வரை ஆகும் நேரம் திரையில் நிற்கும். ஒன்றரை நொடி என்றால் நீர்மட்டம் ஏறத்தாழ 35 அடி ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் மாதந்தோறும் தங்கள் ஊர்க் கிணற்றை, பெரியவர் ஒருவர் துணையோடு, இப்படி அளந்து எழுதி வைத்தால் அது எவ்வளவு அருமையான பதிவாக இருக்கும்! ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீர் காணாத பூமி இது.

செல்போனை விண்ணுக்கே அனுப்பியவர்களும் உண்டு. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 ஏற்றிச் சென்ற பிரிட்டனின் ஸ்ட்ராண்ட்-1 என்ற சிறு செயற்கைக்கோளுக்குள் ஒரு நெக்ஸஸ் ஒன் செல்போன் இருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது எங்கள் தோட்டங்களில் மாட்டியிருக்கும் செல்போன் ஸ்டார்ட்டர்தான். சிம் அட்டை பொருத்திய சிறு பெட்டி அது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும், விவசாயி கட்டிலில் இருந்தபடியே அந்த எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும். தண்ணீர் வற்றி மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறைந்தால் தானே நின்றுவிடும். பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சி இருட்டில் வரப்பின் மேல் நடந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

இதே நுட்பம் யானை நடமாடும் ஊர்களுக்கும் பயன்படும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் நிறுவிய சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை, அருகில் யானை நிற்கும்போது உள்ளூர் மக்களே செல்போன் வழியாக எரியவிடுகிறார்கள். ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் வந்து போகும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களின் முகப்பிலும் அத்தகைய விளக்குகள் ஊர்தோறும் வேண்டும் என்பது என் விருப்பம். இரவுக் காவலுக்குப் பரண் ஏறுகிறவர்களிடம் அந்த எண்ணைக் கொடுத்துவைத்தால், விடியுமுன் பால் கறந்து எடுத்துச் செல்கிறவர் வழியிலேயே விளக்கைப் பார்த்துத் திரும்பிவிடலாம். வனத்துறையும் ஊராட்சிகளும் பேசி முடிவெடுத்தால், அடுத்த அறுவடைக்கு முன்பே சில ஊர்களிலாவது இதைத் தொடங்கிவிட முடியும்.