குறைந்த மதிப்பெண் போட்ட ஏழு விநாடிகள்

"அண்ணா, இந்தச் சின்னதையும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள், ஆராய்ச்சி மாணவி. "அதுல அயனி ஜெட்டே இல்லையேம்மா" என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் அந்த இரண்டு வரிகள் இன்னும் என்னை விடவில்லை.

2016 ஜனவரி. பூமியைச் சுற்றியுள்ள காந்த மண்டலத்தை அளக்கும் நாசாவின் எம்.எம்.எஸ். திட்டத்தில், எந்தத் தரவைப் பூமிக்கு இறக்குவது என்று தேர்ந்தெடுக்கும் பணி அன்றைக்கு என்னுடையது. அதன் நான்கு செயற்கைக்கோள்களும் மிக நுணுக்கமாக எடுக்கும் பர்ஸ்ட் தரவில் சுமார் 4 சதவீதம்தான் பூமிக்கு வரும். முதலில் வரும், விவரம் குறைந்த சர்வே தரவைப் பார்த்து, எது வரவேண்டும் என்று மதிப்பெண் போட வேண்டும். பின்தங்கியவை காத்திருக்கும், நினைவகம் நிறைந்தால் அவற்றின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

அன்று செயற்கைக்கோள்கள் பூமியின் காந்த மண்டலத்தின் எல்லையைக் கடந்த முழுமையான பதிவு ஒன்று கிடைத்திருந்தது. காந்தப்புலம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்புகிறது, அடர்த்தி தாவுகிறது, நடுவில் அயனி ஜெட், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்களின் வேகமான பாய்ச்சல். 1961-ல் இயற்பியலாளர் டஞ்சி சொன்ன காந்த மறுஇணைப்பு, அதாவது காந்தக் கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணைவது, கண்முன்னால் நடப்பது போல இருந்தது. அதற்குத்தான் உயர்ந்த மதிப்பெண். அவள் காட்டியது எல்லைக்கு வெளியே, அதிர்ச்சி அலையைத் தாண்டி வந்த சூரியக்காற்று கொந்தளிக்கும் இடத்தில். ஏழு விநாடிக்குள் புலம் வெடுக்கென்று திரும்பியிருந்தது. புலம் அப்படித் திரும்பினால் அங்கே மெல்லிய, பலமான மின்னோட்டப் படலம் ஒன்று இருந்தாக வேண்டும். அது எனக்கும் தெரியும். குறைந்த மதிப்பெண் போட்டேன். அது கடைசிவரை இறங்கவில்லை.

நான் அதைத் தூக்கி எறியவில்லை, வரிசையில் பின்னால்தான் வைத்தேன். மறுஇணைப்பு என்றால் நாங்கள் முதலில் தேடியதே அயனி ஜெட்டைத்தான். இப்படிச் சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஓடியது.

அப்புறம் 2018 மே மாதம் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதே மாதிரி கொந்தளிப்பில், நான்கு கி.மீ. அளவே தடிமனுள்ள ஒரு படலத்தில் எலக்ட்ரான்கள் மட்டும் இருபுறமும் ஜெட்டாகப் பாய்கின்றன. அயனிகளில் ஜெட்டே இல்லை. அவற்றுக்கு அந்த இடம் போதாது.

நான் விட்டதும் அதுதான் என்று சொல்ல மாட்டேன். மெல்லிய படலம் எல்லாவற்றிலும் மறுஇணைப்பு நடப்பதில்லை. சரி, ஆனால் சர்வேயில் அயனி அளவீடு 4.5 விநாடிக்கு ஒன்று. ஏழு விநாடிக்கு ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு. அதை வைத்துக்கொண்டு "ஜெட் இல்லை" என்று எப்படிச் சொன்னேன்? பர்ஸ்ட் தரவில் எலக்ட்ரான்களை 0.03 விநாடிக்கு ஒருமுறை பார்த்திருக்கலாம். ஒரு நிமிடத் துண்டு கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். ஆனால் தேர்வுக்கு உட்காரும் ஒவ்வொருவரும் அப்படி ஒரு நிமிடம் கேட்டால் அந்த 4 சதவீதம் என்ன ஆகும்?

போன மாதம் அவளுக்குப் பணி. ஒரு துண்டை அனுப்பி, "இது வேண்டாம்தானே அண்ணா?" என்று கேட்டாள். அதிலும் ஜெட் இல்லை. யோசிக்காமல் "எடுத்துக்கோம்மா" என்றேன். அதற்கு இடம் கொடுக்க எதை வெட்டினாள் என்று நான் கேட்கவில்லை.