டிரைவிங் ஸ்கூல் கார்ல ஓகே, சொந்த கார்ல சிக்னலுக்கு சிக்னல் ஆஃப்

எல்எல்ஆர், 30 நாள் வெயிட்டிங், ஆர்டிஓ டெஸ்ட், லைசென்ஸ் எல்லாம் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. வீட்ல இருந்த பெட்ரோல் மேனுவல் காரை வெளிய எடுத்தேன், முதல் சிக்னல்லயே இன்ஜின் ஆஃப். ஸ்டார்ட் பண்ணேன், திரும்ப ஆஃப். பின்னாடி ஹார்ன் சத்தம் காதைப் பிளக்குது.

ஸ்கூல் கார்ல ஒரு தடவை கூட இப்படி ஆகலயேன்னு மண்டைய பிச்சுக்கிட்டு அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. அந்த கார்ல மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும்ல, நான் எப்போலாம் வண்டிய நகர்த்துனேனோ அப்போலாம் கிளட்ச்ச விட்டது அவரோட கால். நான் ஸ்டீயரிங் மட்டும் புடிச்சிருக்கேன்! போன் பண்ணி கேட்டா "ரோட்ல ஆஃப் ஆனா திட்டுவாங்க மேடம், அதான்... போகப்போக வந்துரும்"ங்கறார். கட்டுன காசு எதுக்கு சார் அப்போ?

இப்போ ஸ்கூல் சேரப்போறவங்க முதல் நாளே "அண்ணே, அவசரத்துக்குத் தவிர காலை எடுத்து வெச்சுருங்க"ன்னு சொல்லிருங்க. ஆஃப் ஆனா ஆகட்டும்.

எனக்கு உருப்படியா சொல்லிக்குடுத்தது லோடு வண்டி ஓட்டுற எங்க சித்தப்பாதான். காலி கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போயி ஆக்சிலரேட்டர தொடவே கூடாதுன்னுட்டார். ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச்ச மட்டும் மெதுவா விடணும், குதிகால் தரையில ஊன்றியிருக்கணும். ஒரு இடத்துல இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளு 800லருந்து லேசா இறங்கும், ஸ்டீயரிங்ல ஒரு சின்ன அதிர்வு வரும். அதான் ஹாஃப் கிளட்ச். அங்க காலை அப்படியே நிறுத்தணும், வண்டி தானா உருளும். "உருண்டுருச்சுன்னு டக்குனு காலைத் தூக்காத, முக்காவாசி பேருக்கு அங்கதான் ஆஃப் ஆகுது"ன்னார். எனக்கும் கரெக்டா அங்கதான்.

அப்புறம் ஸ்பீட் பிரேக்கர். செகண்ட் கியர்ல வந்து கிட்டத்தட்ட நின்னுட்டு அதே கியர்ல எடுத்தா பெரும்பாலும் திணறி ஆஃப் ஆயிடும், வண்டி நின்னா ஃபர்ஸ்ட்தான்.

ஏத்தம்தான் நிஜமான தலைவலி. சென்னை தி.நகர் துரைசாமி சப்வேல மேல ஏறுற இடத்துல டிராஃபிக் நின்னுருச்சு, பின்னாடி ஒட்டுனாப்ல ஒரு ஆட்டோ. பிரேக்லருந்து காலை எடுத்தா வண்டி பின்னாடி போகுது, பதறிட்டேன். அந்த ஆட்டோக்கார அண்ணன் தலைய வெளிய நீட்டி "ஹேண்ட்பிரேக் போடும்மா!"ன்னு கத்துனார். ஹேண்ட்பிரேக் இழுத்து, ஹாஃப் கிளட்ச் வரைக்கும் விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுத்ததும் வண்டி முன்னாடி போகத் துடிக்கறது தெரிஞ்சுது, அப்போ ஹேண்ட்பிரேக்க இறக்குனேன். ஒரு இன்ச் கூட பின்னாடி போகாம ஏறிடுச்சு! பயம் போனது அன்னிக்குத்தான். ஆனா இதே மாதிரி ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச்லயே வண்டிய நிறுத்தி வெச்சுட்டு இருக்காதீங்க, கருகுன வாடை வரும், கிளட்ச் பிளேட் போயிடும்.

நடு ரோட்ல ஆஃப் ஆயிடுச்சா, ஹார்னைக் கண்டுக்காதீங்க. பிரேக், கிளட்ச் ரெண்டையும் முழுசா மிதிச்சு, நியூட்ரலுக்கு கொண்டுவந்துட்டு சாவிய திருப்புங்க. சில வண்டில கிளட்ச் மிதிக்கலன்னா ஸ்டார்ட்டே ஆகாது, பழைய வண்டில கியர்ல இருக்கும்போதே திருப்புனா முன்னாடி ஒரு எகிறு எகிறும், எதிர்ல எவன் பம்பர் இருக்கோ அவன்கிட்ட பஞ்சாயத்து தனி.