கடலாடித் தொகுதியை வரைந்து பார்த்தேன்: பதினாறு மாதக் கணக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, தொகுதி மறுவரையறையில் மறைந்துபோன கடலாடிச் சட்டமன்றத் தொகுதியின் எல்லையைக் கிராமம் கிராமமாக ஒரே தாளில் வரைந்துவிடலாம் என்று தொடங்கியபோது, பத்து வாரம் போதும் என்றுதான் நினைத்தேன். பதினாறு மாதம் ஆகிவிட்டது. தெற்கே மன்னார் வளைகுடாவின் கரைக்கோடு மட்டும் மையால் வரையப்பட்டுவிட்டது. கடலோடு யாரும் எல்லைத் தகராறு செய்வதில்லை என்பதால் அது ஒரே மாலையில் முடிந்தது. மேற்கே வேம்பாருக்கு இப்பால் மாவட்ட எல்லையே தொகுதி எல்லையாக இருந்ததால் அதுவும் அதிகம் தொல்லை தரவில்லை. வடக்கும் கிழக்கும் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன. இதுவரை செய்ததை, செய்த தவறுகளோடு, இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. இறந்துபோன என் தந்தையின் வாக்காளர் அட்டையில் தொகுதி "கடலாடி" என்றும், என் மகளின் அட்டையில் "முதுகுளத்தூர்" என்றும் அச்சாகியிருந்தன. வீடு அதே வீடு, ரேஷன் கடை அதே கடை, ஓட்டுப் போடும் பள்ளிக்கூடமும் அதே பள்ளிக்கூடம். பழைய தொகுதி எது வரைக்கும் இருந்தது என்று மகள் கேட்டபோது, அந்தத் தொகுதியில் நான்கைந்து முறை வாக்களித்திருந்தும் என்னால் சொல்ல முடியவில்லை. சாயல்குடி உள்ளே, முதுகுளத்தூர் வெளியே என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

முதல் தவறு முதல் வாரத்திலேயே நடந்தது. கடலாடி என்ற பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, ஓர் ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது, ஒரு வட்டம் இருக்கிறது. இவை போக, தொகுதி ஒன்று இருந்தது. இந்த நான்கும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, வட்டத்தின் வரைபடத்தைக் கண்ணாடிப் பலகையின் மேல் விரித்து, அடியில் குண்டு பல்பைப் போட்டு, மூன்று வாரம் படியெடுத்தேன். வட்டம் என்பது வருவாய்த் துறையின் அலகு. ஒன்றியம் ஊரக வளர்ச்சித் துறையின் அலகு. தொகுதியோ மறுவரையறை ஆணையின் ஒரு பத்தி மட்டுமே. அந்தப் பத்தியில் உள்ள வட்டப் பெயர்களும், வட்டத்துக்குள் வரும் கிராமத் தொகுப்புகளான பிர்க்காக்களின் பெயர்களும் ஆணை பிறந்த நாளில் வழங்கிய பெயர்கள். பழைய தொகுதிகள் வரையப்பட்ட 1976இல் இந்த நிலமெல்லாம் 1910இல் அமைந்த பெரிய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1985இல்தான் அது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று இன்று நாம் அழைக்கும் மூன்றாகப் பிரிந்தது. இன்றைய வட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய தொகுதியை வரைய முயன்றது, பேரனின் சட்டையைத் தாத்தாவுக்குப் போட்டுப் பார்த்த கதையாயிற்று. மூன்று வாரத் தாளையும் சுருட்டிப் பரணில் வைத்தேன்.

(பெயரைப் பற்றி இடையில் ஒன்று. கடலாடி ஊர் கடற்கரையில் இல்லை. உள்நாட்டில், கண்மாய்களுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாயுருவிச் செடிக்கும் கடலாடி என்று ஒரு பெயர் உண்டு என்பது வைத்தியம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஊர் கடலால் பெயர் பெற்றதா, செடியால் பெற்றதா என்ற வழக்கில் நான் தலையிடவில்லை.)

அடுத்த கட்டத்தில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. எத்தனை வரைபடம் வரைய வேண்டியிருக்கும் என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் எல்லை மாறியிருந்தால் என் ஆயுள் போதாது. ஆனால் 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிச் சீரமைப்பையே நிறுத்தி வைத்தது. ஆகவே 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006 என எட்டுச் சட்டமன்றப் பொதுத் தேர்தல்களும் ஒரே எல்லைக்குள் நடந்தன. எல்லை மாறாவிட்டாலும் உள்ளே இருந்த வாக்காளர் மாறினார்கள். 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது வாக்குரிமை வயது 21. அதே ஆண்டு மார்ச்சில் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகே அது 18 ஆயிற்று. அந்த இரண்டு மாத வித்தியாசத்தில் 1989 தேர்தலைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தத் தேதி எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

1977க்கு முன்னால் போனால் நிலைமை வேறு. சட்டமன்றத்தின் அளவே நிற்கவில்லை: 1952இல் சென்னை மாநிலத்துக்கு 375 இடங்கள், ஆந்திரம் பிரிந்து, மொழிவழி மாநிலங்கள் அமைந்த பின் 1957இல் 205, 1962இல் 206, 1967இல் 234. மொத்த எண்ணிக்கை அப்படிக் குறைந்தும் கூடியும் வந்தபோது, உள்ளே ஒவ்வொரு தொகுதியும் எப்படி அசைந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து முதுகுளத்தூர் 1952இலும் 1957இலும் இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரு பொது இடம், ஒரு தனி இடம், ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை எடுத்துவிட்டது. 1957இல் முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூரிலும், திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்று, சட்டமன்ற இடத்தை விட்டதால் அங்கே இடைத்தேர்தல் வந்தது. அதன் பின் அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த கலவரத்தைப் பற்றிக் கேட்டால் இன்றும் திண்ணைகள் மௌனமாகிவிடுகின்றன. வரைபடம் போடுகிற பொழுதுபோக்குக்காரன் அந்த மௌனத்தைக் கிளறக்கூடாது என்று நானே ஓர் எல்லை போட்டுக்கொண்டேன்.

ஆனால் வாக்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் தாராளமாகப் பேசினார்கள். கன்னிராஜபுரம் பக்கம் பனைத் தொழிலில் வாழ்ந்து முடித்த ஒரு பெரியவர், சிறுவனாகத் தாயோடு போன வாக்குச்சாவடியை எனக்குச் சொன்னார்.

"ஆத்தா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் தம்பி போனேன். உள்ள வரிசையாப் பொட்டி. ஒவ்வொரு பொட்டியிலயும் ஒரு படம். இப்ப மாதிரிக் குத்துறது கித்துறது எல்லாம் கெடையாது. எந்தப் படம் வேணுமோ அந்தப் பொட்டியில சீட்டப் போட்டுட்டு வந்துர வேண்டியதுதான்."

"இரண்டு சீட்டு கொடுத்தார்களா தாத்தா?"

"ரெண்டுதான். ரெண்டையும் ஒரே பொட்டியில போடக்கூடாதுன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிச்சாங்க. ஆத்தா வெளிய வந்து, ஒண்ணு சொந்தக்காரவுகளுக்கு, ஒண்ணு மனசுக்குன்னுச்சு."

முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின்மேல் சின்னம் என்பதே முறை; வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை நாடு முழுக்க 1962 பொதுத் தேர்தலில்தான் வந்தது. பெரியவரின் நினைவு அச்சடித்ததுபோல் பொருந்தியது. "மஞ்சப் பொட்டி" என்ற சொல்லையும் அவர் தம் தகப்பனாரிடம் கேட்டதாகச் சொன்னார். அது அதற்கும் முந்தியது: 1937 தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்த நிறம் மஞ்சள், அந்தத் தேர்தலில்தான் இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னரை முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்தார். அன்று சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. அதே சண்முக ராஜேஸ்வர சேதுபதி, அனைவருக்கும் வாக்குரிமை வந்த 1952இல் இராமநாதபுரத்தில் வென்று அமைச்சருமானார். வாக்குரிமை விரிந்தால் அரண்மனை தோற்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். எங்கள் கரை அப்படி நடந்துகொள்ளவில்லை.

இனி வரைபட வேலைக்கு வருகிறேன். வருவாய்க் கிராமங்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் கிராம வரைபடத்தில் தேடி, படியெடுக்கும் தாளில் ஒட்டவைத்துக்கொண்டே போவதுதான் முறை. கேட்க எளிது. ஆனால் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதி ஏந்தலில் முடியும், மீதி குளத்திலும் கோட்டையிலும் முடியும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது சாதாரணம். அப்படி ஒரே பெயருள்ள இரண்டு ஏந்தல்களில் தவறானதை உள்ளே இழுத்ததால் என் தொகுதிக்கு வடக்கே மூக்கு ஒன்று முளைத்து, ஒரு மாதம் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, தாய்க் கிராமம் ஓரிடத்திலும் அதைச் சேர்ந்த சிற்றூரான உட்கடை கண்மாய்க்கு அப்பாலும் கிடக்கும். வானம் பார்த்த பூமியில் கண்மாய்க்கரைதான் இயற்கையான எல்லை; அதைத் தாண்டி ஓர் உட்கடை போயிருந்தால் அதற்கு ஜமீன் காலத்துக் காரணம் ஒன்று இருக்கும். அதை அறிந்த கணக்குப்பிள்ளைமார் பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. பதவி போனது நியாயம்தான் என்றாலும், அவர்கள் தலைக்குள் இருந்த வரைபடங்களும் அவர்களோடு போயின. விவரம் கேட்டுச் சென்ற ஓர் அலுவலகத்தில், "இல்லாத தொகுதிக்கு எதுக்கு சார் மேப்பு?" என்றார்கள். கேள்வி நியாயமானதே, பதில் சொல்ல முடியாமல் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடற்காற்று இன்னொரு எதிரி. ஐப்பசியில் உப்பீரம் ஏறினால் தாள் நீளும். மாசியில் காய்ந்தால் சுருங்கும். மூக்கையூரும் வாலிநோக்கமும் இரண்டு பருவத்தில் வரையப்பட்டதால் கரைக்கோட்டில் அவற்றுக்கு இடையே ஒரு நெல்மணி அளவு இடைவெளி விழுந்தது. இப்போது தாளை அரிசிப் பானைக்குள் சுருட்டி வைக்கிறேன். வீட்டில் இதற்கு ஒப்புதல் கிடைக்கச் சற்று நாளாயிற்று.

இந்தப் பதினாறு மாதத்தில் என்னை அதிகம் உட்கார வைத்தது கோடு அன்று, ஒரு வகுத்தல் கணக்கு. தொகுதி ஏன் மறைந்தது என்று கேட்டால், "ஜனத்தொகை குறைவு" என்பார்கள். அதைப் போட்டுப் பார்த்தேன். குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரி சுமார் 2,66,691. இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 11,87,604; சராசரியால் வகுத்தால் 4.45. அரைக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிட்டால் நான்கு. திருவாடானை, இராமநாதபுரம், கடலாடி, முதுகுளத்தூர், பரமக்குடி என்று இருந்த ஐந்தில் ஒன்று போக வேண்டும், போனது கடலாடி.

ஆனால் அதே எண்களை வேறு வகையில் போட்டால் விடை புரள்கிறது. மாவட்டத்தை நான்காகப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு 2,96,901 பேர். அது மாநிலச் சராசரியைவிட 11.3 விழுக்காடு அதிகம். ஐந்தாகப் பிரித்தால் 2,37,521 பேர், சராசரியைவிட 10.9 விழுக்காடுதான் குறைவு. சராசரிக்கு எது நெருக்கம் என்று மட்டும் பார்த்தால் ஐந்தே நெருக்கம். முதலில் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, மகளிடம் கொடுத்துத் திரும்பப் போடச் சொன்னேன். அவளுக்கும் அதே விடைதான் வந்தது. ஆணையம் தவறு செய்தது என்று நான் சொல்லவில்லை. மொத்தம் 234ஐத் தாண்டக்கூடாது என்றால் எங்கோ ஒரு மாவட்டம் பின்னத்தை இழந்துதான் ஆக வேண்டும். ஆனால் கடலாடி இருந்ததற்கும் இல்லாமல் போனதற்கும் நடுவில் இருந்தது 0.05க்கும் குறைந்த ஒரு பின்னம், அதாவது ஏறத்தாழ 12,500 பேர். பஞ்சம் பிழைக்கச் சென்னைக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களை நினைத்துப் பார்த்தால், 12,500 பெரிய எண் அன்று.

மறுவரையறை ஆணை 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தாலும் தொகுதி அன்றே இறக்கவில்லை. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் கிராமங்கள் முதுகுளத்தூர்ப் பிரிவில் வாக்களித்தன. அதே வேளையில் 2006இல் கடலாடியில் வென்ற சுப. தங்கவேலன் 2011 வரை கடலாடி உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தார். இரண்டு ஆண்டுகள் ஒரே ஊர் டெல்லிக்கு ஒரு தொகுதியாகவும் கோட்டைக்கு வேறு தொகுதியாகவும் இருந்திருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதியின் உருவமும் மாறியது: பழைய இராமநாதபுரத்தில் மானாமதுரையும் அருப்புக்கோட்டையும் இருந்தன, புதியதில் அவற்றுக்குப் பதிலாக அறந்தாங்கி, திருச்சுழி, திருவாடானை வந்து சேர்ந்தன. முதுகுளத்தூர்த் தொகுதி இப்போது அபிராமம், கமுதியிலிருந்து சாயல்குடிக் கரை வரை நீள்கிறது. பனங்காட்டுக்காரரும் மிளகாய்க்காட்டுக்காரரும் வலைக்காரரும் ஒரே வேட்பாளரைப் பார்க்கிறார்கள்.

இப்போதைய நிலை இதுதான்: கிராமங்களில் முக்கால் பங்கு தாளில் ஏறிவிட்டது, வடக்கே முளைத்த மூக்கை அழித்துவிட்டேன், கரைக்கோட்டின் இடைவெளியை ஒட்டுத் தாளால் மூடியிருக்கிறேன், உற்றுப் பார்த்தால் தெரியும். கன்னிராஜபுரத்துப் பெரியவர் தமக்கு ஒரு படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய பனந்தோப்பு தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வேண்டுமாம். அதற்குத் தனியாக ஒரு தாள் வாங்கியிருக்கிறேன். மழை விட்டதும் அதிலிருந்து தொடங்குவேன்.