காளை இல்லாத ரிஷபவாகனர்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முட்டி வலி. இரண்டு படி ஏறினால் ஒரு நிமிடம் நிற்பார். ஆனால் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனின் வெண்கலச் சிலை முன்னால் கால் மணி நேரம் நின்றார்.

சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறார் சிவன். ஒரு காலை மறுகால் முன்னால் போட்டு, ஒரு கையை எதன் மேலோ சாய்த்திருக்கிறார். அங்கே எதுவும் இல்லை. காளை இருந்த இடம் அது. காளை போய்விட்டது, கை மட்டும் அப்படியே காத்திருக்கிறது.

"மாடு எங்கடா?" என்றார் அம்மா. "காணோம்மா." "பாவம், யாரு மேய்க்கப் போனாங்களோ!"

1011-ல், முதலாம் ராஜராஜன் காலத்தில் வார்த்தது. பக்கத்தில் நிற்கும் உமை அடுத்த ஆண்டு, 1012-ல் வந்தவள். ஓராண்டு தனியாக நின்றிருப்பார் போல. இது என் கற்பனை. பிறகு இருவரும் நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து, போன நூற்றாண்டில்தான் வெளியே வந்தார்கள்.

மெழுகில் உருவம் பிடித்து, களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது முறை. வார்ப்பை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் இன்னொரு நகல் கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

வெளியே வந்து இளநீர் குடிக்கும்போதும் அம்மா மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.