ஐம்பது வார்த்தை

"இந்த ஊர் பாஷையைக்கூடக் கத்துக்காம எதுக்குய்யா கிளம்பி வராங்க?"

கேட்டவர் நம்ம ஆள்தான். இந்த வெளிநாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு. பஸ்ஸில் இடம் கிடைத்ததும், அடுத்து ஏறுகிறவனை முறைக்கிற ஜாதி.

மொழி கத்துக்கணும், சரி. ஆனா மொழியை வைத்தே ஆளைத் துரத்தின கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1901 குடியேற்றச் சட்டப்படி அதிகாரி ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை வாசிப்பார். வந்தவர் கேட்டு எழுதணும். எந்த மொழி? அது அதிகாரி இஷ்டம். 1934-இல் எகோன் கிஷ் என்ற இடதுசாரிப் பத்திரிகையாளர் போய் இறங்கினார். பல மொழி தெரிந்த மனுஷன். விடுவார்களா? ஸ்காட்லாந்தின் பழைய மொழியான ஸ்காட்டிஷ் கேலிக்கில் எழுதச் சொன்னார்கள்! (அது செல்லாதுன்னு உயர் நீதிமன்றம் சொன்னது தனிக்கதை.) இந்தத் தேர்வை ஒழிக்க 1958 ஆச்சு.

அண்ணனிடம் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்றார்.

அதற்குள் அவர் போன் அடித்தது. காதில் வைத்தவர் இரண்டு நொடியில் உள்ளே பார்த்துக் கத்தினார்:

"பாப்பா, இங்க வா... இந்தம்மா என்னமோ சொல்றாங்க, என்னன்னு கேளு!"