செப்டத்தில் நீர்க்கட்டி, துடிப்பில் தடை: எக்கோ முதல் பேஸ்மேக்கர் வரை

கண் இருட்டி விழுந்தார் என்று கூட்டி வருவார்கள். நாடி நிமிடத்துக்கு 35, இ.சி.ஜி.யில் முழு ஏ.வி. பிளாக், அதாவது மேலறையின் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேராத தடை. எழுபது வயதுக்காரருக்கு இது வந்தால் மின்பாதை தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பேஸ்மேக்கருக்கு ஏற்பாடு செய்யலாம். முப்பது வயதுக்காரருக்கு அந்த அவசரம் கூடாது. முதலில் எக்கோ என்னும் இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதயத்துக்குள் இருக்கும், நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டி சில சமயம் இப்படித்தான் பிடிபடுகிறது.

நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் முட்டை, கீரையிலோ தண்ணீரிலோ கையிலோ ஒட்டி நம் வயிற்றுக்குள் போகிறது. அதிலிருந்து வரும் குஞ்சுப்புழுவைப் பெரும்பாலும் ஈரல் பிடித்து வைத்துக்கொள்ளும், தப்பினால் நுரையீரல். இரண்டையும் தாண்டியது கரோனரி ரத்தக்குழாய் வழியே இதயத்தசைக்கு வரும். ஹைடாடிட் நோயாளிகள் நூறு பேரில் ஒருவர், இருவருக்குத்தான் இதயத்தில் கட்டி. அதிலும் இடது கீழறைச் சுவரில்தான் அதிகம். கீழறைகளுக்கு நடுவே உள்ள செப்டத்தில் குறைவு. ஆனால் கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றை செப்டத்தின் மேல்விளிம்பை ஒட்டித்தான் போகிறது. அங்கே கட்டி வந்தால் முதலில் கற்றையின் ஒரு கிளையில் மட்டும் தடை (பண்டில் பிராஞ்ச் பிளாக்), பிறகு முழு பிளாக். கற்றையை வெறுமனே அழுத்தியிருந்தால், கட்டி போனதும் துடிப்பு திரும்ப வாய்ப்புண்டு. கட்டியைச் சுற்றி உடல் கட்டும் நார்ச்சுவருக்குள் கற்றையே சிக்கியிருந்தால் திரும்பாது. இரண்டில் எது என்பதை எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது.

எக்கோவில் மெல்லிய சுவருள்ள நீர்ப்பை, உள்ளே குட்டிக் கட்டிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது. எம்.ஆர்.ஐ. எல்லையைக் காட்டும், சி.டி. சுண்ணாம்புப் படிவைக் காட்டும். ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் கட்டி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது: உடையாத கட்டி வெளியே எதையும் கசியவிடாததால் எதிர்ப்பொருள் உருவாகாமலே இருக்கலாம். ஈரல், நுரையீரல், மூளை மூன்றையும் கூடவே பார்த்துவிட வேண்டும். ஊசி குத்தி நீரெடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஈரல் கட்டிக்கு அந்த முறை உண்டு. இதயத்தில் கூடவே கூடாது. உடைந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி. இடப்பக்கம் உடைந்தால் துண்டுகள் மூளைக்கு, வலப்பக்கம் உடைந்தால் நுரையீரலுக்கு.

அறுவைக்கு முன்பே துடிப்பு மிகவும் இறங்கினால் ரத்தக்குழாய் வழியே உள்ளே விட்டு இதயத்தை மின்சாரத்தால் துடிக்கவைக்கும் தற்காலிக பேஸிங் வயர் வேண்டும். இந்த மட்டத்துத் தடைக்கு, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து பெரும்பாலும் உதவாது. கட்டி வலது கீழறைக்குள் புடைத்திருந்தால் வயரின் முனையே அதைக் குத்திவிடலாம். அதனால் எக்ஸ்ரே திரையோடு எக்கோவையும் வைத்துக்கொண்டு, புடைப்பை விட்டு விலகித்தான் வயரைச் செலுத்துவோம். வெளியிலிருந்தே துடிக்கவைக்க மார்பில் ஒட்டும் பேட் தயாராக இருக்க வேண்டும்.

அறுவையில், ஹார்ட்-லங் மெஷினில் ஏற்றி மகாதமனியில் கிளாம்ப் போட்டு இதயத்தை நிறுத்தும்வரை யாரும் அதை அமுக்கவோ தூக்கவோ கூடாது. பிறகு சுற்றிலும் 20% உப்புக் கரைசலில் நனைத்த காஸ் துணி. நீரை உறிஞ்சத் தனி சக்ஷன். மெஷினோடு இணைந்த சக்ஷனைத் தவறிப் பயன்படுத்தினால் கட்டி நீரிலுள்ள புழுத்தலைகள் மறுபடி ரத்தத்துக்கே போய்ச் சேரும். கட்டிக்குள்ளும் உப்புக் கரைசலை விட்டு 10 நிமிடம் பொறுத்த பின்பே திறப்போம். முட்டையின் உள்தோல்போல் வெள்ளைச் சவ்வு உரிந்து வரும். அதையும் குட்டிக் கட்டிகளையும் எடுத்துவிட்டு, வெளி நார்ச்சுவரைச் சுரண்டாமல் விட்டுவிட வேண்டும். கை துறுதுறுக்கும் இடம் இது. சுத்தமாக எடுத்தேன் என்ற திருப்திக்காகச் சுரண்டியதில் கற்றை போய்விடலாம். குழியை மூடும் தையலும் நார்ச்சுவரோடு நிற்க வேண்டும்; ஆழமாகப் போட்டால் நாமே பிளாக்கை உண்டாக்கியவர்களாவோம். மூடியதும் உணவுக்குழாய் வழியே பார்க்கும் எக்கோவில் செப்டத்தில் ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொள்கிறோம்.

இதயத்தின் மேல் தற்காலிக வயர்களைத் தைத்துவிட்டு 5 முதல் 7 நாள் காத்திருப்போம். அந்த வயர்களின் த்ரெஷோல்ட், அதாவது இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்அளவு, நாளுக்கு நாள் ஏறும். முதல் நாள் வைத்த அளவை அப்படியே விட்டால் திடீரென்று வயர் தூண்டியும் இதயம் துடிக்காமல் போகும். அன்றாடம் அளந்து, அதைப்போல் இரண்டு மடங்கு வைப்பது வழக்கம். அதற்குப் பிறகும் தடை நீங்காவிட்டால் மேலறை, கீழறை இரண்டோடும் இணைக்கும் நிரந்தர இரட்டை அறை பேஸ்மேக்கர். பின்னாளில் எம்.ஆர்.ஐ. தேவைப்படும் என்பதால் அதற்கு ஒத்துப்போகும் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

கூடவே புழுக்கொல்லி மாத்திரை: அல்பெண்டசோல் 400 மி.கி., தினம் இரு வேளை, பல மாதங்கள். 60 கிலோவுக்குக் குறைந்தால் அளவும் குறையும், கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. பூச்சி மாத்திரைதானே என்று ஒன்றோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குடலோடு நின்றுவிடும். முட்டை, பால், தேங்காய்ச் சட்னி என்று கொழுப்புள்ள உணவோடு போட்டால்தான் ரத்தத்தில் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனையும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த எக்கோக்களில் பழைய இடத்தில் சிறு குழி தெரியலாம். அது சுருங்கிக்கொண்டே வந்தால் கவலையில்லை. உருண்டு பெருத்தால் மறுபடி எம்.ஆர்.ஐ.