மே மாத மதுரையில் ஒரு மெல்பர்ன் மழை

ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வரைவேன் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. வேறு வழியில்லை. நீர்வண்ண ஓவியர் ஜோசஃப் ஸ்புக்விச்சின் மழைத்தெரு ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைகிறேன். காகிதம் ஈரமாக இருக்க வேண்டிய நேரத்தில் எங்கள் மாடி அறை அதை அப்பளமாகக் காய வைத்துவிடுகிறது.

ஸ்புக்விச் 1952இல் இன்றைய குரோஷியாவின் ஸாக்ரெபில் பிறந்தவர். 1970இல் ஆஸ்திரேலியா போனவர், மெல்பர்ன்காரராகவே ஆகிவிட்டார். அந்த ஊர் டிராம்களை அவர் வரைந்ததைப் பார்த்துத்தான் நான் நீர்வண்ணத்துக்கு வந்தேன். நான் எடுத்துக்கொண்ட படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் கரைகிற கட்டடங்கள், விளக்கெரியும் ஒரு டிராம், குடையோடு நாலைந்து பேர், கீழ்ப்பாதி முழுக்க ஈரச் சாலை. மழைக்கோடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் பார்த்தால் கால் நனைகிறது.

அவருடைய பாடம் ஒரு கடிகாரக் கணக்கு. ஒரு முள் வண்ணத்தின் கெட்டியைக் காட்டும்: டீ, காபி, பால், கிரீம், வெண்ணெய். இன்னொரு முள், காகிதத்தில் எவ்வளவு ஈரம் என்று. எதை எப்போது வைப்பது என்பதுதான் எல்லாம். நம் வீட்டு டிகாக்‌ஷனை மனதில் வைத்துக்கொண்டு 'காபி' கலந்தால் நேராகக் கிரீமுக்குப் போய்விடும் என்பதை முதல் படம் சொல்லிக்கொடுத்தது. அல்ட்ராமெரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த அழகான சாம்பல் நிறம், வானத்தில் கரி பூசியது மாதிரி உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவதில் வானம் நன்றாக வந்தது. தூரத்துக் கட்டடங்களைக் காகிதத்தின் மினுமினுப்பு அடங்கும் நேரத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஓரம் மட்டும் லேசாகக் கரையும். நான் பிரஷ்ஷைக் கழுவி, உதறாமல் வைத்தேன். பாதி காய்ந்த இடத்தில் அதிகத் தண்ணீர் பட்டால் அது நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கும், காலிஃப்ளவர் பூத்த மாதிரி. வரிசையாக நாலு காலிஃப்ளவர். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, தெருவுல எங்கயோ தீப்பிடிச்சிருச்சா?" என்றாள்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் விற்கிற விலைக்கு முழுத் தாளை நாலாக வெட்டித்தான் பயன்படுத்துகிறேன். மீதி இரண்டு துண்டு. மூன்றாவது துண்டை முன்னும் பின்னும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் பலகையில் ஒட்டினேன். அடியில் ஈரம் தேங்கி நிற்பதால் மேற்பரப்பு சீக்கிரம் காய்வதில்லை. துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும் பக்கத்தில். (மனைவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.) ஃபேன் நின்றுவிட்டது, மூக்கு நுனியில் வியர்வை. ஆனால் முதல்முறையாக யோசிக்க நேரம் கிடைத்தது.

சாலைதான் சுகம். ஓரளவு காய்ந்தபின் பிரஷ்ஷைப் படுக்க வைத்து வேகமாக இழுத்தால் காகிதத்தின் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளைப் பொட்டுகளாக மின்னும். அதுதான் தார் மேல் தண்ணீர். டிராமின் கருப்பு அப்படியே தரையில் இறங்க வேண்டும், ஆனால் ஒரு படி வெளுப்பாக. முகப்பு விளக்கின் கீழே காகிதத்தைத் தொடாமல் விட்டேன். விட்டுவிடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு சொட்டு வியர்வை குடைக்காரர் ஒருவரின் முழங்காலில் விழுந்து சின்னதாக ஒரு பூ பூத்தது. துடைக்கவில்லை.

டிராம் கம்பிகளில்தான் கெட்டது. மெல்லிய, நீள முடி கொண்ட ரிக்கர் பிரஷ்ஷை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நான் நடுவில் மூச்சுவிட்டேன். கம்பி அங்கே ஒரு முடிச்சாக நிற்கிறது. இப்போது தோற்ற இரண்டு தாள்களின் பின்பக்கத்தில் வெறும் கம்பிகளாக இழுத்துக்கொண்டிருக்கிறேன், ஃபேனைப் போட்டுக்கொண்டு. நாலாவது துண்டை இன்னும் எடுக்கவில்லை.